நாலாம் நம்பர் கிடங்கில் பசியாறல்

படகு நடுக்கடலுக்கு வந்ததும் பெர்னார்ட் சட்டையை மேலே தூக்கி, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி ஊசியைக் குத்திக்கொண்டார். எதிர் பெஞ்சில் இருந்த சுற்றுலாக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எறங்கினப்புறம் போட்டுக்கக் கூடாதா? எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் நவமணி.

"மணி எட்டு பத்து. எட்டரைக்குக் காலைப் பசியாறல். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி என்னா சொன்னா? ஊசி போட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டுடணும். கணக்கு சரியா வருதா இல்லியா?"

"எட்டரைக்கே தட்டுல வச்சிடுவாங்களாக்கும்."

"லெட்டர்ல எழுதியிருக்காங்க இல்ல? 'எட்டரை, ஷார்ப். பிந்துவோர் அனுமதிக்கப்பட மாட்டார்.' இதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு?"

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்த மனிதரிடம் நேரத்தைப் பற்றிப் பேச முடியாது. அங்கே எட்டரை என்று எழுதினால் எட்டரைக்குக் கிரேன் தூக்கும். கீழே நிற்கிறவன் அதற்குள் நகர்ந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் ஊசி உள்ளே போயிற்று.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் மோனிக்கா ஜொகூரிலிருந்து அனுப்பிய பரிசு இது. "அப்பா வேல செஞ்ச எடம்மா. நாலாம் நம்பர் கிடங்கு. இப்ப கஃபே ஆக்கிட்டாங்க. பழைய காலம் மாதிரியே இருக்குமாம். அப்பா சந்தோசப்படுவாரு, கூட்டிட்டுப் போ" என்று ஃபோனில் சொல்லியிருந்தாள். பெர்னார்ட் முதல் நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

கிடங்கு வெல்ட் கீ சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று நின்றது. அவர் காலத்தில் அந்தச் சுவர் கறுப்பு. கொப்பரையும் ரப்பர் ஷீட்டும் மழைத் தண்ணியும் சேர்ந்து உண்டாக்கிய கறுப்பு. கடலோரப் பாரம்பரிய அனுபவ மன்றம் கட்டடத்தைப் பொறுப்பேற்றதும் அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுத்து, வெள்ளை அடித்து, பிறகு ஓவியர் ஒருவரை வரவழைத்து, வெள்ளையின் மேல் கறுப்பைத் திட்டுத் திட்டாக வரைய வைத்திருந்தது.

வாசலில் காக்கி அரைக்கால் சட்டையும் தலைத் துண்டும் கழுத்தில் விசிலுமாக ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். பெயர் ஷர்மினி. மார்பில் குத்தியிருந்த வில்லையில் 'தண்டல்' என்று இருந்தது. கூலி ஆட்களை மேய்க்கிற தலைவனுக்கு அந்தக் காலத்துப் பெயர் அது.

"எங்க தண்டலுக்கு மீசை இருக்கும்மா," என்று பெர்னார்ட் சிரித்தார்.

"வெல்கம் அங்கிள், வெல்கம் ஆண்ட்டி. எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"ஃபெரியில. பட்டர்வொர்த்லருந்து."

"அதில்ல அங்கிள். முப்பத்தெட்டாம் வருசம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. அப்ப எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"அப்ப எங்கப்பாவுக்கே கல்யாணம் ஆகல."

"பரவால்ல லா. 'கப்பல் நினைவில்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நெறைய பேரு அதத்தான் டிக் பண்றாங்க." அவள் டிக் செய்தாள். "அங்கிள் பேரு முனுசாமி. நம்பர் நூத்தி முப்பது. ஆண்ட்டி மாரிமுத்து. நூத்தி முப்பத்தொண்ணு."

"என்னாது, மாரிமுத்துவா?"

"முப்பத்தெட்டுல பொம்பளைங்க கிடங்குக்குள்ள வந்ததுக்கு ஆவணம் இல்ல ஆண்ட்டி. அதனால லேடீஸ் எல்லாரையும் ஆம்பளையாத்தான் பதிவோம். புடிச்ச பேரு வேணும்னா பதினாலு நாளைக்கு முன்னாடியே எழுதிப் போடணும்."

ஆளுக்கொரு சிவப்புத் துண்டைக் கொடுத்துத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பிறகு ஒரு தகர டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். முப்பத்தெட்டில் இல்லாத எதுவும் உள்ளே போகக் கூடாதாம். பெர்னார்டின் ஃபோன் போயிற்று. ஊசிப் பேனா போயிற்று. சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் மட்டும் முப்பத்தெட்டிலும் இருந்த காரணத்தால் தப்பியது. கடைசியில் நவமணியின் கைப்பைக்குக் கை நீண்டது.

"அதுல இவருக்கு மிட்டாய் இருக்கும்மா. இனிப்பு நீரு இருக்கு இவருக்கு. தலை சுத்துனா ஒடனே வாயில போடணும்."

"வெளிச் சாப்பாடு கண்டிப்பா கூடாது ஆண்ட்டி. இது சாப்பாட்டுக் கடை."

"குடுத்துடு நவம்," என்றார் பெர்னார்ட். "பத்து நிமிசத்துல சாப்பிடப் போறோம். மிட்டாய் எதுக்கு?"

நவமணி கொடுத்தாள். பெட்டி பூட்டப்பட்டது. அவர்களுக்குப் பின்னால் வாசல் கதவும் மூடப்பட்டு, இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கும் ஒரு மரக்கட்டை குறுக்கே விழுந்தது. கப்பல் வந்த பிறகுதான் கதவு திறக்கும் என்றாள் ஷர்மினி.

உள்ளே முப்பது பேர் சிவப்புத் துண்டோடு வரிசையில் நின்றார்கள். எண் நூறிலிருந்து தொடங்கியதால் கூட்டம் பெரிதாகத் தெரிந்தது. நாற்காலி இல்லை. சுவரோரம் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன, ஆனால் அவற்றின் மேல் 'தொடாதீர்' என்று அட்டை தொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கடிகாரம் ஒன்று எட்டரை காட்டியது. பெர்னார்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது எட்டு ஐம்பது காட்டியது.

"அந்தக் கடிகாரம் ஓடலியே?"

"ஓடாது அங்கிள். லெட்டர்ல எட்டரைன்னு போட்டிருக்கோம் இல்ல, யாரு எப்ப பாத்தாலும் எட்டரைதான் இருக்கணும். ரூல்."

பெர்னார்ட் கடிகாரத்துக்குப் பக்கத்து உத்திரத்தில் தொங்கிய வெண்கல மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நவம். அந்த மணி."

"என்னா மணி?"

"அத இன்னும் எடுக்கலியா இவங்க?"

ஷர்மினியின் விசில் அடித்தது. "முனுசாமி, வரிசை! அது பசியாறல் மணி அங்கிள். கப்பல் வந்ததும் அடிப்போம். அடிச்சாத்தான் சாப்பாடு."

"பசியாறல் மணியா? யாரும்மா சொன்னா ஒங்களுக்கு? அது வந்து..."

"விளக்கம் எல்லாம் தலைவரோட உரையில வரும் அங்கிள். விருந்தாளிங்க விளக்கம் சொல்லக் கூடாது. போன மாசம் ஒருத்தரு சொல்லி, ரெண்டு பேரு நம்பிட்டாங்க."

"என்னா மணிங்க அது?" என்று நவமணி காதோரம் கேட்டாள்.

"அப்புறம் சொல்றேன். சாப்பிடுற எடத்துல வேணாம்."

கரும்பலகையில் உணவு வகைகள் எழுதியிருந்தன. கையால் கிழித்த கூலி ரொட்டி. வியர்வை உப்பு தூவிய அரைவேக்காட்டு முட்டை. மேற்பார்வையாளர் மிச்சம் வைத்த காப்பி. நவமணி ஒவ்வொன்றாகப் படித்து முடித்தபோது மன்றத்தின் தலைவர் லோகேஸ்வரன் மேடைக்கு வந்தார். வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டிருந்தார். இந்தக் கட்டடத்தில் தொப்பி போட்டவர்கள் யாரும் சாப்பிடக் காத்திருந்ததில்லை என்பது அவர் உடையிலேயே தெரிந்தது. மேடைக்குக் கீழே மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அது மதிப்பீட்டுக் குழு. அன்றைக்கு மன்றத்துக்குப் பரீட்சை. நடுவில் இருந்த பிரமிளா என்ற அம்மாள்தான் குழுவின் தலைவி.

"பெருமக்களே!" என்றார் லோகேஸ்வரன். "சாப்பாடு போடும் கஃபேக்கள் இந்த ஊரில் ஏராளம். அது யாராலும் முடியும். நாங்கள் உங்களுக்குக் காத்திருப்பைத் தருகிறோம். இந்தக் கிடங்கில் ஒரு காலத்தில் முந்நூறு பேர் பசியோடு நின்றார்கள். அந்தப் பசியை ஒரு கீறல் விழாமல் பாதுகாத்து உங்கள் வயிற்றில் கொண்டுவந்து சேர்ப்பதே மன்றத்தின் தலையாய கடமை! முதல் வருடம் நாங்கள் அறியாமையால் பத்தே நிமிடத்தில் பரிமாறினோம். விளைவு என்ன? விருந்தினர்கள் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள். அசல்தன்மையில் நூற்றுக்கு நாற்பத்தொரு மதிப்பெண்! தலைகுனிந்தோம். அன்றிலிருந்து அயராது உழைத்து, இன்றைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறோம்."

கைதட்டினார்கள். பெர்னார்ட் கையை உயர்த்தினார்.

"தம்பி, நான் இங்கதான் வேல செஞ்சேன். எழுவத்தி ரெண்டுல சேந்தேன். நாங்க யாரும் பசியோட நிக்கலியே. வாசல்ல முஸ்தஃபா பாய் வண்டி நிக்கும். ரொட்டியும் தேத்தண்ணியும் முடிச்சிட்டுத்தான் உள்ளயே வருவோம். பசியோட மூட்ட தூக்க முடியுமா?"

லோகேஸ்வரன் மிகுந்த மரியாதையோடு சிரித்தார். "ரொம்ப நன்றி அங்கிள். ஒங்க நினைவுகள மன்றம் மதிக்குது. ஆனா அது ஆவணத்துல இல்ல."

"நான் சாப்பிட்டேன்பா."

"நீங்க சாப்பிட்டிருக்கலாம் அங்கிள். தொழிலாளிங்க சாப்பிடல."

மதிப்பீட்டுக் குழு குறித்துக்கொண்டது.

ஒன்பதரை ஆயிற்று. மண்டபத்தின் அந்தக் கோடியில் சக்கரம் வைத்த பலகைக் கப்பல் ஒன்று கயிற்றில் கட்டி நின்றது. பத்தடி இழுத்தால் வந்துவிடும். யாரும் இழுக்கவில்லை.

"ஏம்மா, கப்பல் எப்ப வரும்?" என்று நவமணி ஷர்மினியைக் கேட்டாள்.

"மத்த நாள்னா ஒடனே இழுத்துடுவோம் ஆண்ட்டி. இன்னிக்குக் குழு வந்திருக்காங்க இல்ல, கடல் ஏத்தம் பாத்துத்தான் விடணுமாம். இன்னிக்கு ஏத்தம் பத்து பத்துக்கு."

"அது பலகைக் கப்பல்தானேம்மா?"

"பலகையா இருந்தாலும் கப்பல்தானே ஆண்ட்டி."

நவமணி திரும்பிப் பார்த்தாள். பெர்னார்டின் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருடத்தில் அந்த வேர்வையை அவள் நாலு தடவை பார்த்திருக்கிறாள். நாலு தடவையும் கைப்பை அவள் தோளில் இருந்தது.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. புழுக்கம்."

"வாங்க, வெளிய போயிடலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை இருக்கு."

"புள்ள காசு கட்டியிருக்கு. இரு, வந்துடும்."

அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நவமணி வரிசையை விட்டு ஷர்மினியிடம் ஓடினாள்.

"அம்மாடி, எங்க வீட்டுக்காரரு ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஒரு வாய் சாப்பிடல. மயக்கம் போட்டுடுவாரு. ஒரு துண்டு ரொட்டி குடும்மா."

"மாரிமுத்துவுக்கு வீட்டுக்காரர் கெடையாது ஆண்ட்டி," என்று ஷர்மினி தாழ்ந்த குரலில் ஞாபகப்படுத்தினாள். "வரிசைய விட்டு வந்தா நம்பர் போயிடும். மெடிக்கல்னா ஒரு ஃபாரம் இருக்கு, இருங்க." ஃபாரத்தை விரித்தாள். "மலேரியா, பெரிபெரி, வயித்துப்போக்கு. முப்பத்தெட்டுல இந்த மூணுதான். இனிப்பு நீரு இல்லியே."

"சரி, பெரிபெரின்னு போட்டுக்கோ. சாப்பாட்டக் குடு."

"பெரிபெரிக்குத் தவிட்டரிசி ஆண்ட்டி. அது வியாழக்கிழமதான்."

"அப்ப என் பையைக் குடு!"

"சாவி தலைவர்கிட்ட இருக்கு. தலைவர் குழுகிட்ட இருக்காரு. குழு பேசுறப்ப குறுக்க போகக் கூடாதுன்னு..." அவள் முடிக்கவில்லை. பெர்னார்டின் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஆண்ட்டி, நெஜமாவே முடியலியா அவருக்கு?"

நவமணி அதற்குள் திரும்பிவிட்டாள். பக்கத்து அலமாரியில் கெட்டிப் பால் டின்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். பலகையோடு சேர்த்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் கண்ணாடிச் சாடி நிறையச் சீனி. மூடியைத் திருகி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். மணல். சுவரில் கறுப்பு டெலிஃபோன் தொங்கியது. எடுத்துக் காதில் வைத்தாள். அதற்குக் கம்பியே இல்லை. கதவுக்கு ஓடி மரக்கட்டையைத் தூக்கப் பார்த்தாள். ஒரு முனைகூட அசையவில்லை.

பின்னால் வரிசை அமைதியாகிவிட்டது. பெர்னார்ட் பேசிக்கொண்டிருந்தார்.

"வேலு! தள்ளி நில்லுடா. கயிறு சரியில்ல. மேல பாரு, மேல பாரு." அவர் கண் உத்திரத்தில் எதையோ தேடியது. "தண்டல்கிட்ட சொல்லு. இந்தக் கயிறு தாங்காது."

"செம்மையா பண்றாரு லா," என்று நூற்றுப்பத்தாம் எண்காரர் மனைவியிடம் சொன்னார்.

"நம்மளோட லைன்லயே நிக்க வச்சிருக்காங்க பாருங்க. நான் விருந்தாளின்னு நெனச்சேன்."

"பெய்ட் ஆக்டர் லா. இல்லன்னா இவ்ளோ வேர்வை எப்படி வரும்?"

பெர்னார்ட் யாரையோ பிடித்துத் தள்ளுவது போல இரண்டு கையையும் நீட்டினார். கால் மடங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து, 'தொடாதீர்' அட்டை தொங்கிய மூட்டைகளின் மேல் விழுந்து, அங்கிருந்து சரிந்து தரைக்கு வந்தார்.

கைதட்டல் கூரையை எட்டியது.

"ஐயோ, இது நடிப்பில்லீங்க!" நவமணி தரையில் விழுந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "நெஜமாவே மயக்கம்! யாராச்சும் ஒரு கரண்டி சீனி குடுங்க! இவரு செத்துடுவாருங்க!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிரமிளா அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "அந்த மாரிமுத்துவும் நல்லா செய்றாங்க. தனியா எழுதிக்குங்க," என்றார். லோகேஸ்வரனுக்கு இப்படி ஒரு நாடகம் நிகழ்ச்சிநிரலில் இருந்ததாக நினைவில்லை. ஆனாலும் பாராட்டை மறுக்கும் பழக்கம் மன்றத்துக்குக் கிடையாது. தொப்பியைக் கொஞ்சம் தூக்கி வணங்கினார்.

ஷர்மினியின் வாயிலிருந்து விசில் நழுவியது. அவள் தலைவரைப் பார்த்தாள். தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து பெர்னார்டின் தலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நான் புடிச்சிக்கிறேன் ஆண்ட்டி. அந்தப் பச்சைக் கதவு. சமையக்கட்டு. ஓடுங்க."

நவமணிக்கு அறுபத்தேழு வயது, முழங்காலில் தேய்மானம். ஓடினாள்.

சமையலறையில் ரொட்டி ஏழு மணிக்கே வெந்து, ஈரத்துணி போர்த்திக் கிடந்தது. முட்டை ஆறிப்போயிருந்தது. ரோஹானா என்ற சமையல்கார மலாய்க்காரி முக்காலியில் உட்கார்ந்து, தனக்கென்று வெளியிலிருந்து வாங்கி வந்த தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் பையில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும்வரை அவள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது ஏற்பாடு.

"காக், கூலா! சீனி! என் புருசன்... கென்சிங் மானிஸ்!" என்று நவமணி, அக்கா என்றும் இனிப்பு நீரு என்றும் தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினாள்.

ரோஹானா ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கப்பல் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கையில் தேத்தண்ணிப் பையும் மறு கையில் உண்மையான கெட்டிப் பால் டின்னுமாக நவமணிக்கு முன்னால் ஓடினாள்.

"ரோஹானா! பிளாஸ்டிக்!" என்று லோகேஸ்வரன் அலறினார். "ஸ்ட்ரா! குழு இருக்காங்க, ரோஹானா!"

"நந்தி லா, எஞ்சே," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். அப்புறம் பாக்கலாம், ஐயா என்று அர்த்தம்.

பெர்னார்டின் உதட்டில் விரலால் கெட்டிப் பாலைத் தடவினாள். நாக்கு அசைந்தது. இன்னும் ஒரு விரல். நவமணி ஸ்ட்ராவை அவர் வாயில் வைத்து, "உறிங்க, உறிங்க," என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். கொஞ்சம் வழிந்தது. கொஞ்சம் உள்ளே போயிற்று. ஷர்மினி தன் தலைத் துண்டை அவிழ்த்து விசிறினாள். எதிரே முப்பது பேர் வட்டமாக நின்று, இந்தக் காட்சி இன்னும் எவ்வளவு நேரம் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடம் கழித்துத்தான் அவர் கண் ஓரிடத்தில் நின்றது. சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

"நவம்."

"என்னங்க, இங்கதான் இருக்கேன்."

"எதுக்கு நீ தலையில துண்டு கட்டியிருக்க?"

அப்போதுதான் நவமணிக்கு அழுகை வந்தது.

ரோஹானா அவள் தோளைத் தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். லோகேஸ்வரன் வந்து பக்கத்தில் மண்டியிட்டார். நேரே பார்த்தபோது அவருக்கு விஷயம் ஓரளவு புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்கிள், இப்ப எப்படி இருக்கு? நல்லா இருக்கீங்க இல்ல? மன்றம் சார்பா வருத்தம் தெரிவிச்சிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். குழு ரொம்ப அசந்துட்டாங்க. பசிங்கிற பிரிவுல நூத்துக்குத் தொண்ணூத்தேழு! இதுவரைக்கும் எந்தக் கட்டடத்துக்கும் கெடச்சதில்ல. சனி, ஞாயிறு ரெண்டு நாளு வர முடியுமான்னு கேக்கலாம்னு..."

"வர்றோம் தம்பி," என்றாள் நவமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒங்களுக்கும் ஒரு ஊசி எடுத்துட்டு வர்றேன். அத போட்டுட்டு, வரிசையில எங்களுக்குப் பின்னாடி நில்லுங்க."

லோகேஸ்வரன் இதை யோசனையாக எடுத்துக்கொள்வதா என்று தீர்மானிப்பதற்குள் மணி பத்து பத்து ஆயிற்று. கடலில் நீர் ஏறியது. அவர் எழுந்து ஓடி மேடையில் நின்றுகொண்டார். இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். பலகைக் கப்பல் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. பிரமிளா அம்மாள் வருகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தலைவர் வெண்கல மணியின் கயிற்றைப் பிடித்து ஆட்டினார்.

கனமான சத்தம். கிடங்கு முழுவதும் அதிர்ந்தது. முப்பது பேரும் தகரத் தட்டோடு பச்சைக் கதவை நோக்கி முண்டினார்கள்.

பெர்னார்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க, நான் வாங்கிட்டு வர்றேன்."

"இல்ல, நிக்கணும் நவம்."

தலைத் துண்டை அவிழ்த்தார். நாலாக மடித்து இடது கையில் போட்டுக்கொண்டார். நவமணி எழுந்து அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"இது ஆளு விழுந்தா அடிக்கிற மணி," என்றார். "கயிறு அறுந்து மூட்ட ஆளு மேல விழுந்துட்டா, தண்டல் ஓடிப் போயி இத அடிப்பாரு. எல்லாரும் வேலைய நிறுத்திட்டு, துண்ட எடுத்துட்டு நிப்போம். வெளிய தூக்கிட்டுப் போற வரைக்கும் நிப்போம். வேற எதுக்கும் இத அடிக்க மாட்டாங்க. என் காலத்துல மூணு தடவ அடிச்சிருக்கு. மூணாவது தடவ நம்ம வேலு."

வேலு, இவர்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதாக இருந்தவன். ஏதோ விபத்து என்று மட்டும்தான் நவமணிக்குச் சொல்லப்பட்டிருந்தது. எங்கே, எப்படி என்று நாற்பது வருடத்தில் அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

ஷர்மினி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, காலைச் சேர்த்து நின்றாள். பச்சைக் கதவில் ரொட்டித் தட்டோடு வந்த ரோஹானாவுக்கு இவர்கள் பேசிய தமிழ் புரியவில்லை. ஆனால் மூன்று பேர் அப்படி நிற்பதைப் பார்த்து அவளும் தட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அவளைச் சுற்றிக் கைகள் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தன.

மேடையிலிருந்து லோகேஸ்வரன் கையை ஆட்டினார். "அங்கிள்! மணி அடிச்சாச்சு! நீங்க சாப்பிடலாம்!"

பிரமிளா அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மணி அடித்த பிறகும் ஒரு முனுசாமி, ஒரு மாரிமுத்து, ஒரு தண்டல், ஒரு சமையல்காரி அசையாமல் நிற்பது ஆவணத்தில் இல்லை. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

மணியின் அதிர்வு அடங்கும்வரை பெர்னார்ட் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் விழுந்து எவ்ளோ நேரம் இருக்கும் நவம்?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"எங்க தண்டல் ஒரு நிமிசம்கூட விடமாட்டாரு. ஆளு விழுந்த ஒடனே அடிச்சிடுவாரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவங்க எத்தன மணிக்கு அடிச்சாங்க?"

நவமணி தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எட்டரைக்கு," என்றாள். "ஷார்ப்."